பொன்விழா மலரில் வராத பக்கங்கள்

நான் படித்த பள்ளிக்கூடம் உயர்நிலைப்பள்ளியாகி ஐம்பது வருஷம் ஆகிவிட்டதாம். பொன்விழா மலர் போட்டார்கள். அதற்காக மலர்க்குழுவிலிருந்து இரண்டு பேர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். தேர்தல் இல்லாத நாளில் அவர்கள் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசலோடு நின்றுகொண்டே, "நீ தமிழ் எம்.ஏ. படிச்ச பொண்ணு. பத்திரிகையில எல்லாம் எழுதுற. நம்ம இஸ்கோல் வரலாறு ஒண்ணு எழுதிக் குடும்மா" என்றார்கள். தண்ணி கொண்டாரட்டுமா என்று அம்மா கேட்டாள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார்கள். அந்த 'இப்பதான்' எங்களுக்குப் புதுசு இல்லை.

பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலரில் மூன்று பக்கம் வந்திருக்கிறது. அந்த மூன்று பக்கத்தில் பாகூர்ச் செப்பேடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் இருக்கிறான். நிலம் கொடுத்த குடும்பத்தின் படம் இருக்கிறது. சேரி இல்லை. கேட்கப் போனேன். "நல்ல காரியத்துல எதுக்கும்மா பழசக் கிளறணும்?" என்றார் குழுவில் மூத்தவர். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய செப்பேட்டைக் கிளறினால் அது பெருமை. முப்பது வருஷத்துக்கு முந்தைய தண்ணிப் பானையைக் கிளறினால் அது பழசு. இதுதான் இவர்களுடைய வரலாற்று அறிவு.

வெட்டிய எட்டுப் பக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் இது ஓர் ஊர்ச்சண்டையாக முடிந்துபோகும். நான் பேச வந்தது அதைவிடப் பெரிய சண்டை. புதுச்சேரிக்குத் தெற்கே, நெல் விளைகிற பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

எங்கள் பக்கத்துக் கல்வி வரலாற்றைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாகூர்ச் செப்பேட்டில்தான் தொடங்குகிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு. நிருபதுங்கவர்மன் என்கிற பல்லவ ராசா, தன் எட்டாவது ஆட்சியாண்டில், வாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்தான். சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. 'அந்தக் காலத்திலேயே இங்கே பல்கலைக்கழகம் இருந்தது' என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நானும் அந்த இடத்தில்தான் தொடங்கினேன். ஆனால் அவர்கள் கேட்காத இரண்டு கேள்விகளைக் கேட்டேன்.

முதல் கேள்வி: அங்கே யார் படித்தார்கள்? பதினான்கு வித்தை என்று மரபாகச் சொல்வது நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தர்ம சாத்திரம். தர்ம சாத்திரம் என்றால் என்ன? சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் அந்தக் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் சொல்கிறதே, அந்தச் சாத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால், சூத்திரத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவன் கதி என்ன? எங்களை எப்படி வெளியே வைப்பது என்று பாடம் நடத்திய இடத்தை எங்கள் பெருமை என்று நான் எழுத வேண்டுமா?

இரண்டாவது கேள்வி: மூன்று ஊர்களைக் கொடுத்தான் என்றால் என்ன கொடுத்தான்? மண்ணைக் கட்டிக்கொண்டு யாரும் வேதம் படிக்க முடியாது. மண்ணில் விளைந்ததைக் கொடுத்தான். விளைய வைத்தது யார்? அந்தச் செப்பேட்டைப் பாருங்கள். ராசாவைப் புகழ்கிற பகுதி வடமொழியில் இருக்கிறது. நிலத்தின் எல்லை சொல்கிற பகுதி தமிழில் இருக்கிறது. புகழுக்கு ஒரு மொழி, சேற்றுக்கு ஒரு மொழி. அந்தச் சேற்றில் இறங்கி நின்றவர்களின் பெயர் இரண்டு மொழியிலும் இல்லை. ஏர் ஓட்டியவன், நாற்று நட்டவள், ஏரி மடையைத் திறக்க ராத்திரியில் தண்ணிக்குள் இறங்கியவன், களத்தில் கடைசியாக உதிர்ந்த நெல்லைக் கூட்டி அள்ளியவள் - இவர்கள் உழைப்பில்தான் அந்த வித்தியாஸ்தானத்தின் அடுப்பு எரிந்தது. ஆகவே பாகூர்ச் செப்பேடு எனக்குச் சொல்வது இதுதான்: இந்தப் பக்கத்தில் கல்விக்கு ஆகிற செலவை ஆயிரத்து நூறு வருஷமாகச் சேரி கொடுத்துவருகிறது. படித்தது வேறு ஆட்கள்.

இந்தப் பத்தி மலரில் வரவில்லை. மூன்று ஊர்களின் பெயர் மட்டும் வந்திருக்கிறது.

*

அடுத்தது பிரெஞ்சுக்காரன். புதுச்சேரிக்காரர்களுக்கு அவன்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சொல்லிக் கொடுத்தவன் அல்லவா! அந்தச் சமத்துவத்தைக் கடற்கரைச் சாலையில் வைத்துவிட்டுத்தான் அவன் ஊருக்குள் வந்தான். 1819 சனவரி 6-ஆம் தேதி போட்ட ஆணையில், இந்தியர்களுக்கு அவரவர் சாதியின் சட்டப்படி, வழக்கப்படி நீதி சொல்லப்படும் என்று எழுதிக் கொடுத்தான். பாரிசில் மன்னன் தலையை வெட்டிய தேசம், இங்கே நாட்டாமையின் தலைப்பாகைக்கு ஒரு சுருக்கம்கூட விழாமல் பார்த்துக்கொண்டது.

பள்ளிக்கூடமும் அதே கணக்குத்தான். 1826-இல் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கென்று அரச கல்லூரி திறந்தார்கள். இன்றைக்கு லிசே பிரான்சே என்று நிற்பது அதுதான். 1870-களில் கல்வே சுப்பராயச் செட்டியார் பணத்தில் எழுந்த கல்வே கல்லூரி, சாதி இந்துப் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது. இன்று அது வ.உ.சி. பெயரில் அரசுப் பள்ளி. பறையர் பிள்ளைகளுக்கு என்று தனியாகப் பள்ளி வைத்ததும் உண்டு. வெள்ளைக்கு ஒன்று, சாதிக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று நகரத்தைப் பிரித்தார்கள் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிறோம். கறுப்புக்குள்ளே இருந்த பிரிவை யாரும் சுற்றிக்காட்டுவதில்லை.

1881 செப்டம்பர் 21-இல் ஓர் ஆணை வந்தது. சாதி வழக்கத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம், பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்ட சாதியார் பலர் எழுதிக் கொடுத்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள். நகரத்தில் 'சொல்தா வூடு' என்று சொல்லும்போது இன்றும் சிலர் உதட்டைச் சுழிக்கிறார்கள். கேலிக்குக் காரணம் பிரெஞ்சுப் பெயர் இல்லை. சேரிக்காரனுக்கு எதற்கடா பென்சன் என்பதுதான் காரணம். எங்கள் கிராமத்துக்கு அந்த வழியும் வந்து சேரவில்லை. கல்லூரி எல்லாம் நகரத்துக்குள். எங்களுக்கு மாட்டுக் கொட்டகை.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-இல். அந்த 178 பேர் எந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்று ஒருநாள் யாராவது ஆராய்ச்சி செய்யட்டும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் கிராமத்துப் பக்கம் பள்ளிக்கூடங்கள் பெருகின. அதற்குப் பிறகுதான் எங்கள் பள்ளியும் வளர்ந்தது. நிலம் கொடுத்தவர் பெயர் வாசலில் கல்லில் இருக்கிறது. கடக்கால் தோண்டியவர்கள் பெயர் இல்லை. எங்க ஆயா சொல்லும்: "அந்தக் கடக்கால் நாங்க தோண்டுனது. மண்ணு சுமந்தோம், செங்கல்லு சுமந்தோம். கட்டி முடிச்சாங்க. உள்ள போய்ப் பாக்கலாம்னு நானும் இன்னொருத்தியும் படியேறுனோம். 'ஏய், எங்க ஏர்றீங்க, பூசை போடப்போறோம்'னு எறக்கி வுட்டாங்க." கட்டும்போது தீட்டு இல்லை. கட்டி முடித்ததும் தீட்டு வந்துவிட்டது.

*

எங்கப்பா அந்தப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தார். கடைசி வரிசை. வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் கொண்டுவருவது, வகுப்பு மெழுகச் சாணி கொண்டுவருவது எல்லாம் அந்த வரிசையின் வேலை. அடிக்கும்போது பிரம்பைக் கையில் வைத்து அடிக்காமல் தூக்கி எறிந்து அடிப்பாராம் ஒரு வாத்தியார். "அடிக்கறதுலயும் தொடமாட்டான்" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். சின்ன வயசில் நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிமேல் உட்கார்ந்தார், பியூன் ஊற்றாவிட்டால் தண்ணி இல்லை என்பதைக் கல்லூரிக்குப் போய்ப் படித்த அன்றைக்குத்தான் அப்பா சொன்னது சிரிப்பில்லை என்று எனக்கு உறைத்தது. அவருடைய சதாராவுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் எத்தனை மைல்? ஒரு கோணிச் சாக்கு நீளம்தான்.

நான் படித்தது 2000-க்குப் பிறகு. எல்லாம் மாறிவிட்டது என்று சொல்கிற காலம். மாறித்தான் இருந்தது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். பானை போய்க் குழாய் வந்திருந்தது. ஆனால் கக்கூசைக் கழுவ வாளி தூக்கச் சொல்லும்போது மட்டும் வாத்தியாருக்கு எங்கள் தெருப் பெண்களின் பெயர்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். கணக்கில் கேள்வி கேட்கும்போது அந்தப் பெயர்கள் ஒன்றும் வாயில் வராது. "நீ எழுந்திரு, காலனி" என்பார்கள். காலனி என்பது ஓர் இடத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் பெயராகவும் இருந்தது.

புதுச்சேரியில் 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான். மதியச் சோறு இல்லாவிட்டால் நான் எட்டாவது தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் பரிமாற வந்த ஆயா எங்கள் தெருக்காரி என்றானதும் ஊர்த்தெருப் பிள்ளைகள் டிபன் பாக்ஸ் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. சண்டை இல்லை, புகார் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம், வராண்டாவில் ஒரு கூட்டம். சோற்றுக்குப் பாகுபாடு கிடையாது. தொடுகிற கைக்குத்தான்.

டிசம்பரில் பாரதி விழா நடக்கும். புதுச்சேரி அல்லவா, பாரதி இல்லாமல் முடியாது. 1913-இல் ரா. கனகலிங்கம் என்கிற ஆதிதிராவிட இளைஞருக்குப் பாரதி இதே புதுச்சேரியில் பூணூல் போட்டுவிட்ட கதையைத் தமிழய்யா கண் கலங்கச் சொல்வார். வகுப்பு முழுக்கக் கைதட்டும். எங்களைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டும். எனக்கு அப்போதே ஒன்று விளங்கவில்லை. எங்களை மனுசனாக்க எதற்கு ஒரு நூல் வேண்டும்? எங்களிடம் என்ன குறை என்று எங்கள்மேல் எதையாவது போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்? போட்டிருக்கிறவன் கழற்றிப் போட்டால் போதாதா? இதை எம்.ஏ. வகுப்பில் கேட்டபோது, "உனக்குக் காழ்ப்புணர்ச்சி" என்று பதில் வந்தது. தலித் பெண் கேள்வி கேட்டால் காழ்ப்பு. மற்றவர்கள் கேட்டால் ஆய்வு.

*

என் பெஞ்சுக்காரிகள் இரண்டு பேரைப் பற்றி எழுதியிருந்தேன். அதையும் வெட்டிவிட்டார்கள். பெயர் இல்லாமலே மறுபடியும் எழுதுகிறேன்.

ஒருத்தி இருளர் வீட்டுப் பெண். எலி பிடிக்கிற கூட்டம் என்று அவளை எங்கள் தெருப் பிள்ளைகளும்தான் கேலி செய்தார்கள். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பத்தாவது வரும்போது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். தமிழ்நாட்டில் இருளர் பழங்குடி. எல்லைக் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் புதுச்சேரிக்கு அப்போது பழங்குடிப் பட்டியலே கிடையாது. ஆயிரம் வருஷமாக ஏரிக்கரையில் இருக்கிற சனத்தை, இருக்கிறாய் என்று ஒரு காகிதத்தில் எழுத இந்த அரசுக்கு 2016 டிசம்பர் வரை ஆயிற்று. அந்த டிசம்பரில் இருளரைப் பழங்குடியாக அறிவித்தபோது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். செங்கல் சூளையில் இருந்தாள். சேதியைச் சொன்னேன். "இப்ப இன்னாத்துக்குடி எனக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பசங்களுக்கு ஆவும் இல்ல?" என்றாள்.

இன்னொருத்தி எங்கள் சாதிதான். புதுச்சேரி எப்படிக் கிழித்துப்போட்ட துணி மாதிரிக் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வயலின் வரப்பைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அவளுடைய அப்பா அந்த வரப்பைத் தாண்டிப் பண்ணை வேலைக்கு வந்தவர். புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிப் பட்டியல் வந்தது 1964 மார்ச் 5-ஆம் தேதி. அந்தத் தேதியில் உன் குடும்பம் இங்கே இருந்ததா, காட்டு என்றார்கள். காட்டினால் பூர்வீகம், இல்லாவிட்டால் குடியேறியவர். படிக்காத மனுசன், வாடகைச் சீட்டும் இல்லாத குடிசை, 1964-க்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? பண்ணையார் எழுதிக் கொடுத்தால் ஆகும் என்றார்கள். பண்ணையார் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண் படிப்பாள். படித்தால் நாற்று நட வரமாட்டாள். எவ்வளவு சுத்தமான கணக்கு! தீண்டாமை வரப்பைத் தாண்டி வரும்போது அதனிடம் யாரும் 1964-ஆம் வருஷத்துச் சான்று கேட்பதில்லை. சலுகை தாண்டும்போதுதான் கேட்கிறார்கள்.

*

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மலர்க்குழுவுக்கு மற்றதைவிட இதுதான் கோபத்தை உண்டாக்கியது.

நான் ஆறாவது சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் ஊர்த்தெருப் பிள்ளைகள் பாதிக்கு மேல். பத்தாவது முடிக்கும்போது ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்கள் படிப்பை நிறுத்தவில்லை. மஞ்சள் வேன் வந்தது. டை கட்டிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு, கடலூர்ச் சாலையில் இருக்கிற ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனார்கள். எங்கள் வாத்தியார்களின் பிள்ளைகளும் அதே வேனில். நிலம் கொடுத்தேன் என்று கல்லில் பெயர் பொறித்தவர் வீட்டுப் பேரப்பிள்ளையும் அதே வேனில். கொஞ்ச நாளில் ஊர் வாயில் பள்ளியின் பெயர் மாறியது. அரசு உயர்நிலைப்பள்ளி போய், 'காலனி இஸ்கோல்' ஆயிற்று.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். நம்மை உள்ளே விடாமல் ஆயிரம் வருஷம் தடுத்தார்கள். முடியாமல் போனபோது கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அதுவும் முடியாமல் போனபோது அவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். சட்டம் போடாமலே, தட்டி வைக்காமலே, சேரிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று மறுபடியும் இரண்டு பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரன் காலத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். சேரிப் பள்ளி என்றானதும் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். சேரித் தெருவிளக்குக்கும் சேரிச் சுடுகாட்டுப் பாதைக்கும் என்ன நடக்கிறதோ அதுதான். கணக்கு வாத்தியார் மாற்றலில் போவார், பதிலுக்கு ஆள் வராது. ஓடு உடையும், சாக்கு போட்டு மூடுவார்கள். பிள்ளைகள் குறைவு, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று ஒருநாள் அதிகாரி ஜீப்பில் வருவார். கேட்க ஊர்த்தெருவில் ஆள் இருக்காது. அவர்கள் பிள்ளைதான் அங்கே இல்லையே.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. கீழூரில் வாக்கெடுப்பு நடந்த அதே 1954-இல், மே 17-ஆம் தேதி, கறுப்பருக்குத் தனிப்பள்ளி என்பது சமத்துவம் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வெர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்கிற கவுன்டியில் வெள்ளைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கறுப்புப் பிள்ளையோடு உட்கார வைப்பதைவிட மேல் என்று 1959-இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்துகொண்டார்கள். ஐந்து வருஷம், 1964 வரை, அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இல்லை. நம்மவர்கள் அவ்வளவு வெளிப்படையானவர்கள் இல்லை. பூட்டுப் போடமாட்டார்கள். திறந்து வைத்திருப்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது.

இதைச் சொன்னால், "நாங்க சாதி பாத்தா அனுப்பறோம்? இங்கிலீஷுக்காக அனுப்பறோம்" என்கிறார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. எங்களைத் தமிழ்வழியில் படிக்கச் சொல்லிவிட்டுத் தங்கள் பிள்ளைகளைக் கான்வென்டுக்கு அனுப்பிய தமிழ்ப் பற்றாளர்களை நிறையப் பார்த்தவள். எனக்கும் இங்கிலீஷ் வேண்டும். என் தெருப் பிள்ளைக்கு நல்ல இங்கிலீஷ் வாத்தியார் அந்தப் பள்ளியிலேயே வேண்டும். 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றினார்கள். நீட் மாதிரித் தேர்வுகளுக்கு உதவும் என்றார்கள். புத்தகத்தின் அட்டையை மாற்றிவிட்டால் ஆயிற்றா? பாடம் நடத்த ஆள், செய்து பார்க்கச் சோதனைச் சாலை, வீட்டில் சொல்லிக் கொடுக்க யாருமில்லாத பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரும் ஒரு வாத்தியார் - இது இல்லாமல் பாடத்திட்டத்தை மட்டும் கடினமாக்கினால், முதல் தலைமுறைப் பிள்ளை தோற்கும். தோற்றால், 'இதுங்களுக்குப் படிப்பு ஏறாது' என்பார்கள். அதே 2023-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் பத்து விழுக்காடு ஒதுக்கினார்கள். வரவேற்கிறேன். ஆனால் மாடிக்கு வழி சொல்லிவிட்டுப் படியைப் பிடுங்கினால் அது எந்த ஊர் நியாயம்?

சேர்ந்து படிக்கிற இடத்திலும் என்ன நடக்கிறது என்பதை நாங்குநேரி காட்டியது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது, சாதியைப் பார்த்து ஆசிரியர்களை நியமிக்கிற நிலை மாற வேண்டும் என்றெல்லாம் சொன்னது. அது தமிழ்நாட்டு அரசுக்குச் சொன்னது. கயிறு எல்லைக் கல்லைப் பார்த்து அவிழ்ந்து விழுந்துவிடுமா? எங்கள் கொம்யூன் பள்ளிகளுக்கும் அது வேண்டாமா?

*

சரி, நீ என்னதான் கேட்கிறாய் என்று மலர்க்குழுப் பெரியவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும், உத்தரப்பிரதேச அரசு அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை அங்கேயே யாரும் மதிக்கவில்லை. நாம் அதைக் கையில் எடுக்க வேண்டும். வாத்தியார் பிள்ளையும் அதிகாரி பிள்ளையும் எம்.எல்.ஏ. பிள்ளையும் எங்கள் பிள்ளையோடு அந்தப் பெஞ்சில் உட்காரட்டும். மறுநாளே ஓடு மாறும், கணக்கு வாத்தியார் வருவார். அதுவரைக்கும் பள்ளியை மூட வருகிற ஜீப்பின் முன்னால் எங்கள் தெரு உட்காரும். பிள்ளை குறைவு என்று சொல்லி மூட முடியாது. குறைத்தது யார் என்று முதலில் சொல்லட்டும்.

இன்னொன்று. நம் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாற்றை நீங்களே எழுதுங்கள். கடக்கால் தோண்டிய ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். யார் எந்த வகுப்பில் நின்றார்கள், ஏன் நின்றார்கள், யார் சான்றிதழ் இல்லாமல் திரும்பினார்கள், வயசுக்கு வந்ததும் எத்தனை பெண்கள் புத்தகப் பையைப் பரண்மேல் வைத்தார்கள் என்று தெருத் தெருவாக எழுதுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேடு எந்தப் பள்ளியிலும் ஓர் அலமாரியில் கிடக்கும். அதில் நம் அப்பாக்களின் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் சாதி இருக்கிறது. படிப்பை நிறுத்திய தேதி இருக்கிறது. அந்தப் பதிவேடுதான் என்னுடைய செப்பேடு.

பொன்விழா நாளன்று நான் போனேன். கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எண்பதைத் தாண்டிய கிழவி. வாசலில் அந்தக் கல் வெட்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆயா அதைப் பார்க்கவில்லை. குனிந்து சுவரின் அடியைத் தடவிப் பார்த்தது. "இன்னும் விரிசல் வுடல பாரு" என்றது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி, பத்தாம் வகுப்புக்குள் போய், முன் பெஞ்சில் உட்கார்ந்தது.

யாரோ வந்து, "ஆயா, அது விருந்தாளிங்களுக்குப் போட்டது" என்றார்கள்.

ஆயா எழுந்திருக்கவில்லை.